நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி

செங்கமலத்துக்குப் புருஷனிடம் சொல்ல ஏதாவது இருந்தால் முதலில் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பாள். சின்ன விஷயத்துக்குச் சொம்பு, பெரிய விஷயத்துக்கு அண்டா. அதைத் தரையில் வைத்து, வாய் தன் பக்கம் இருக்கும்படி சாய்த்து, முந்தானையால் விளிம்பை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

"ஏ சொம்பு, எண்ண தீந்துபோச்சி. கடையிலேருந்து வரவங்க வாங்கியாந்தா உண்டு. இல்லன்னா நாளைக்கி வெறும் தோசக்கல்லுதான்."

சொல்லி முடித்ததும் சொம்பைக் கவிழ்த்துவிடுவாள். கவிழ்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் சொம்பிடம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

எதிரே தட்டின் முன்னால் அரங்கநாதன் உட்கார்ந்திருப்பார். அவரும் சொம்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொள்வார். ஒரே ஒரு தரம், வீட்டில் தன் குரல் கேட்டு நாளாயிற்றே என்று, "சரி சொம்பு" என்று பதில் சொல்லிப் பார்த்தார். செங்கமலம் எழுந்து போய் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து மறுபடி கழுவி வைத்தாள்.

கோபம் வந்தால் பாத்திரத்திடம் பேசுவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டு நாள், மூன்று நாள், அதிகம் போனால் அமாவாசை வரைக்கும். செங்கமலம் ஆடி மாசத்தில் ஆரம்பித்தவள். ஐப்பசி மழை வந்து, கார்த்திகை விளக்கு ஏற்றி, மார்கழிக் கோலமும் போட்டாயிற்று. அண்டாவுக்கும் சொம்புக்கும் அந்த வீட்டு நடப்பு அத்தனையும் அத்துப்படி. அரங்கநாதனுக்கு மட்டும் நேராக ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. ஒரே மகளைத் திருவாண்டார்கோயிலில் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் பாத்திரங்களும்தான்.

காரணம் ஒரு பசுமாடு. செவலை என்று பேர். செங்கமலத்தின் தாய்வீடு சுத்துக்கேணி. அங்கிருந்து அவளோடு சீராக வந்த மாட்டின் வழியில் பிறந்தது அது. பிறந்த அன்றைக்கே பேர் வைத்தவள் அவள். பால் கறக்க வேறு யாராவது உட்கார்ந்தால் உதைக்கும்.

அரங்கநாதனுக்குப் பாகூர்க் கடைத்தெருவில் கயிற்றுக்கடை. தேங்காய்நார்க் கயிறு, வலை பின்னும் நூல், மிதவைக் கட்டை, தூண்டில் முள். மணப்பட்டுக் கடலோரத்திலிருந்து வரும் மீன்காரர்கள்தான் வாடிக்கை. அந்த வருஷம், பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்றாவது வருஷம், கடைத்தெருவிலும் அவர் வீடு இருந்த பக்கத்துத் தெருவிலும் கரண்ட் கம்பம் நட்டார்கள். கரண்ட் வந்த வீட்டில் ரேடியோ இல்லாவிட்டால் கோயிலில் சாமி இல்லாத மாதிரி என்று யாரோ சொன்னது அவர் மனசில் நின்றுவிட்டது.

வில்லியனூரில் பிரெஞ்சுக்காரர்களின் பஞ்சாயத்து மாதிரியான கொம்யூன் ஆபீஸில் எழுத்தராக இருந்த ஒருவர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய மாமியார் தெய்வநாயகி அம்மாள் வரமாட்டேன் என்று தங்கிவிட்டாள். மருமகன் விட்டுப்போன வால்வு ரேடியோ ஒன்று அவளிடம் இருந்தது. பழக்கப்பட்ட பிரெஞ்சில் அதை அவள் போஸ்த்து என்பாள். அவளுக்குப் பாட்டு வேண்டாம், பால் வேண்டும். இந்தச் செய்தி கடைத்தெரு வழியாக அரங்கநாதன் காதுக்கு வந்தது. அவர் ஒரு ராத்திரி பூராவும் யோசித்தார். காலையில், "செவலைக்கு மூக்குல தண்ணி ஒழுவுது, வில்லியனூர் மாட்டு டாக்டர்கிட்ட காட்டிக்கினு வரேன்" என்று கயிற்றை அவிழ்த்தார். பொழுது சாய்ந்து அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கையில் கயிறு மட்டும் இருந்தது. பஸ் மேலேயிருந்து வைக்கோல் சுற்றிய ஒரு பெட்டியை இறக்கினார்கள்.

செங்கமலம் பெட்டியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்தாள்.

இந்த அமளியில் இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியின் முதுகில் நூற்றுப்பத்து வோல்ட் என்று போட்டிருந்தது. தெருவில் வந்த கரண்ட் இருநூற்றிருபது. ஊரில் வயரிங் வேலை பார்த்த சம்மந்தம் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். புதுச்சேரியில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஒலிபெருக்கிக்குத் தூசி துடைத்தவன் என்பதால் அவன் சொல்லுக்கு ஊரில் மதிப்பு.

"நேரா குடுத்தம்னா பொட்டி பொகஞ்சி பூடும்ணா."

"அப்ப மாட்டப் போயி திருப்பி ஓட்டிக்கினு வந்துடட்டுமா?" என்றார் அரங்கநாதன், பாதி நம்பிக்கையோடு.

"அதுக்குள்ள ஏன் பயப்படற. நடுவுல ஒரு பெரிய பல்ப்பு போட்டுடலாம். எரநூறு வாட்டு. ஒரே தட்டுல ரெண்டு பேரு சாப்புடற மாதிரின்னு வெச்சிக்க. பாதிய பல்ப்பு துன்னும், பாதிய பொட்டி துன்னும். ரெண்டும் பொழச்சிக்கும்."

அப்படியே ஆயிற்று. கூடத்தின் நடு உத்திரத்தில் சுரைக்காய் மாதிரி ஒரு பல்ப் தொங்கியது. ரேடியோ பாடவேண்டுமென்றால் பல்ப் எரியவேண்டும். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் விளக்கும். அதிலும் ஒரு குணம். பெட்டியின் திருகைத் திருப்பியதும் உள்ளே கண்ணாடி வால்வுகள் குளிர்ந்து கிடக்கும். அப்போது பல்ப் கல்யாண வீடு மாதிரி பளீரென்று எரியும். வால்வுகள் சூடேறச் சூடேற வெளிச்சம் இறங்கி, கடைசியில் பழுத்த பூவரசு இலை நிறத்துக்கு வந்து நிற்கும். அங்கே வந்து நின்றால்தான் பாட்டு வரும்.

தெருவில் மற்ற வீடுகளுக்கு இன்னும் சிமினி விளக்குதான். பொழுது சாய்ந்தால் பெண்கள் முறம், அரிசி, கிழிந்த ரவிக்கை, பேன் சீப்பு எல்லாவற்றோடும் அரங்கநாதன் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி பக்கத்து வீட்டு ரோசம்மாள். பூக்கட்டி விற்பவள். அவளுக்கு வேண்டியது வெளிச்சம், அவருக்கு வேண்டியது பாட்டு.

"யோவ் மாமா, ஊசி கண்ணே தெரியல. ஒரு தபா அணச்சிட்டுப் போடு."

"அணச்சா பாட்டு போயிடும்மா. இப்பத்தான் கொழும்பு டேசன் கெடச்சிது."

"கொழும்பு எங்கயும் ஓடிப்பூடாது. எனுக்கு நூலு கோக்கணும்."

அணைப்பார். வால்வு ஆறக் காத்திருப்பார். போடுவார். பளீரென்று வெளிச்சம் வந்ததும் எல்லோரும் அவசர அவசரமாக ஊசி கோத்துக்கொள்வார்கள், கல் பொறுக்குவார்கள், பேன் தேடுவார்கள். வெளிச்சம் இறங்கும்போது, "போச்சு, பாட ஆரம்பிச்சிடுச்சி" என்று சலித்துக்கொள்வார்கள். ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்கும் கேட்கிற பாக்கியம் அரங்கநாதனுக்கு அந்த வருஷம் வாய்க்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, செங்கமலமும் பெட்டியைக் கேட்டாள். அரங்கநாதன் அதைக் கவனித்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் எழுந்து உள்ளே போகிறவள், பெட்டி வாயைத் திறந்தால் நிற்கிறாள். ஒருநாள் நாடகத்தில் எவனோ "சாப்பிட்டாயா?" என்று கேட்க, இவள் "ம்" என்றாள். பெட்டிக்குக் கிடைத்த அந்த "ம்" அவர் நெஞ்சில் முள் மாதிரி தைத்துக்கொண்டது. இரண்டு நாள் கயிறு அளந்துகொண்டே யோசித்தவர், மூன்றாம் நாள் சம்மந்தத்தைக் கூப்பிட்டார்.

"பொட்டிக்குள்ள நான் பேசணும்."

"பொட்டிக்குள்ள நீ ஏன்ணா பேசற? அவுங்க வூட்டுலதான இருக்காங்க."

"நேர்ல பேசுனா எழுந்து பூடறா. பொட்டி பேசுனா கேக்கறா."

சம்மந்தத்துக்கு அது ஞாயமாகத்தான் பட்டது. பெட்டியின் முதுகில் கிராமபோன் சேர்ப்பதற்கென்று இரண்டு ஓட்டைகள் இருந்தன. எங்கிருந்தோ ஒரு பழைய டெலிபோனின் வாய்ப்பகுதியைக் கொண்டுவந்தான். அதோடு இரண்டு டார்ச் செல்லைச் சேர்த்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தென்னைமரங்களின் மேல் வயரை ஏற்றி, அரங்கநாதன் கடை நூலாலேயே இழுத்துக் கட்டினான். கடையிலிருந்து பேசினால் வீட்டுப் பெட்டியில் கேட்கும். வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வராது. "இது போற வழி மட்டுந்தாண்ணா" என்றான். "இப்பவும் அப்பிடித்தான் இருக்குது" என்றார் அரங்கநாதன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. டெலிபோன் வாயைப் பிடிக்கும்போது சில நாள் சுருக்கென்று கடிக்கும். அதனால் அவர் மரப்பலகைமேல் ஏறி நின்றுதான் பேசுவார்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் மணி அடிக்கும். மணி அடித்ததும் வீட்டில் ரோசம்மாள் பெட்டியின் திருகைப் பாட்டிலிருந்து பேச்சுக்கு மாற்றவேண்டும். அதுதான் ஏற்பாடு. முதல் நாள் அரங்கநாதன் தலையை வாரிக்கொண்டு பலகையில் ஏறினார்.

"ஹலோ, வூடா? நான் கட பேசறேன்."

அதற்குமேல் வரவில்லை. மனசில் கட்டி வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கண்ணெதிரே நூல் கண்டுகள் தெரிந்தன.

"ரெண்டாம் நம்பர் நூலு வந்துருக்குது. தூண்டி முள்ளு பெருசு இருக்குது, சின்னது இல்ல. கயிறு போன வார வெலதான். அவ்ளோதான்."

வீட்டுக் கூடத்தில் பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அண்டா வந்தது.

"ஏ அண்டா, ஒனுக்கு ரெண்டாம் நம்பர் நூலு வேணுமா? வெல சொல்லி விட்டுருக்காங்க. வேணும்னா ஒரு மொழம் வாங்கி கழுத்துல கட்டிக்க."

ஆனாலும் அவர் விடவில்லை. தினமும் மணி அடித்ததும் பலகையில் ஏறினார். தினமும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில் கயிற்றின் விலையில் போய் முடித்தார். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து விலை சொல்லத்தான் அந்த வாய்க்குப் பழக்கம். தெருப் பெண்களுக்கு மிதவைக் கட்டையில் எத்தனை ரகம் என்று மனப்பாடம் ஆயிற்று. ரோசம்மாள் பூக்கட்டிக்கொண்டே அவர் குரலில், "நான் கட பேசறேன்" என்று ஆரம்பித்தால் கூடமே அதிரும். செங்கமலம் சிரிக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

தை பிறந்தது. செங்கமலத்தின் தம்பி அரிகிருஷ்ணனுக்குச் சுத்துக்கேணியில் கல்யாணம். அக்காளை அழைத்துப்போக மறுநாள் விடியற்காலை வண்டி வரும் என்று ஆள் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு மத்தியானம் அண்டா இல்லை, சொம்பு இல்லை. செங்கமலம் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். தன் புடவைகளை வைத்தாள். எல்லாப் புடவையையும் வைத்தாள். அவர் வேட்டியைத் தொடவில்லை. ஒரு வாரக் கல்யாணத்துக்கு இத்தனை புடவையா என்று கேட்க அவருக்குத் துணிவு இல்லை. கேட்டால் பதில் சொல்லக் கையருகே பாத்திரமும் இல்லை. போகிறவள் திரும்பமாட்டாள் என்று அவருக்குப் பட்டது. சோற்றை அளைந்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அன்று மாலை மணப்பட்டிலிருந்து சுப்பராயலு நூலுக்காக வந்து உட்கார்ந்திருந்தான். கட்டுமரம் ஓட்டுகிறவன். விடிந்தால் கடலுக்குப் போகவேண்டும். கோயில் மணி அடித்தது. அரங்கநாதன் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் ஏறினார்.

"இன்னா மொதலாளி, யாராண்ட பேசப் போற?"

"பொண்டாட்டியாண்ட."

"அவுங்க எங்க?"

"வூட்டுல."

சுப்பராயலு வயரைப் பார்த்தான், தென்னைமரத்தைப் பார்த்தான், ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டான்.

அரங்கநாதன் டெலிபோன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செங்கமலம், கட பேசறேன். இன்னிக்கி நூலு வெல இல்ல. செவலைக்கு மூக்குல தண்ணி ஒழுவல. அது பொய்யி. ஒன்னக் கேட்டா வேணாம்பேன்னு தெரியும். அதான் கேக்கல. அது ஒங்க வூட்டு மாடு. எங்க வூட்டு மாடா இருந்தாலும் கறக்கறவளக் கேட்டுருக்கணும். அந்தம்மா கொல்லையில கட்டிட்டுத் திரும்புனப்ப அது என்னத் திரும்பிப் பாத்துது. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு வந்துட்டேன்."

சுப்பராயலு மெல்வதை நிறுத்தினான்.

"பொட்டி நல்லாத்தான் பாடுது. ஆனா ஒரு பாட்டு கேட்டா, நல்லாருக்குது இல்லன்னு பக்கத்துல ஒரு ஆளு சொல்லணும். சொம்பு சொல்லல. தெருவே கேட்டுக்கினு இருக்கீங்கன்னு தெரியும். கேளுங்க. ரோசம்மா, நீயும் நல்லா கேளு. செய்யக்கூடாதத செஞ்சிட்டேன். நீ சுத்துக்கேணிக்குப் போ செங்கமலம். போயிட்டு வந்துடு. அண்டாகிட்டயே பேசு, பரவால்ல. ஆனா வந்துடு."

பேச்சு முடிந்தது. டெலிபோன் வாயைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அதை முகத்தோடு பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு பலகைமேல் நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. உடம்பு லேசாக நடுங்கியது.

சுப்பராயலுவுக்கும் என்னவோ போல் இருந்தது. ஆனால் அவனுக்குக் கடல் இருந்தது. "மொதலாளி, அந்த நூலக் குடுத்துட்டு அப்பறமா அழுவுறியா" என்று கேட்கலாமா என்று யோசித்தவன், தெருவில் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"மொதலாளி, ஒரு அம்மா ஓடியாருது."

அரங்கநாதன் கண்ணைத் திறக்கவில்லை.

"தலமுடி அவுந்துகெடக்குது. கையில ஒலக்க."

அப்போது திறந்தார். கடைத்தெரு நடுவே, இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட, செங்கமலம் உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் ரோசம்மாள் பூக்கூடையோடு. கூடையிலிருந்து கனகாம்பரம் வழியெல்லாம் சிந்திற்று. தெரு கேட்க மானத்தை வாங்கியதற்கு அடிக்கத்தான் வருகிறாள் என்று அரங்கநாதன் முடிவு செய்தார். ஞாயம்தான் என்றும் தோன்றியது. அசையாமல் நின்றார். சுப்பராயலு கயிற்றுப் பொதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். "நான் நூலு வாங்க வந்தவன்மா" என்று அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தான்.

செங்கமலம் கடையேறினாள். உலக்கையை ஓங்கவில்லை. ஈட்டி மாதிரி நீட்டி, அவர் கையிலிருந்த டெலிபோன் வாயை ஒரு தட்டுத் தட்டினாள். அது பறந்துபோய் மிதவைக் கட்டைகளுக்குள் விழுந்தது. பிறகு அதே உலக்கை நுனியால் அவர் தோளை ஒரு குத்து, விலாவில் ஒரு குத்து. பலமாக இல்லை. மாவு வெந்ததா என்று பார்க்கிற மாதிரி.

"பேசுங்க" என்றாள்.

ஆடிக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து வந்த முதல் வார்த்தை. அவர் டெலிபோன் வாய் போய் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"ஒங்களத்தான். வாயத் தொறந்து ஒண்ணு பேசுங்க."

"எல்லாத்தயும் சொல்லிட்டனேடி" என்றார் அவர். "இன்னும் எத்தினி தபா சொல்லணும்?"

செங்கமலம் உலக்கையைக் கீழே போட்டாள். ஒரு விரலை நீட்டி அவர் புறங்கையைத் தொட்டாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். அப்புறம் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கயிற்றுச் சுருளின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிற்று. கண்ணில் தண்ணீர். ரோசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செங்கமலம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். ரோசம்மாள் வாயை மூடிக்கொண்டு பூப்பொறுக்கப் போனாள்.

"கடையச் சாத்துங்க" என்றாள் செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விடிகாலம் வண்டி வருது. ஒங்க வேட்டி ஒண்ணுகூட மடிக்கல. சொந்த மச்சினன் கல்யாணத்துக்கு அழுக்கு வேட்டியோடவா வருவீங்க."

அவர் கடையைச் சாத்தினார். பூட்டித் திரும்பியபோது கயிற்றுப் பொதிக்குள்ளிருந்து, "மொதலாளி, நான் உள்ள இருக்கறன்" என்று சுப்பராயலு கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது கூடம் இருட்டாக இருந்தது. பெட்டியும் செத்திருந்தது. சம்மந்தம் பார்த்துவிட்டு ஒரு வால்வு போய்விட்டது என்றான். வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஒன்று போனால் எல்லாம் போகும், பல்பும் போகும் என்றான். அரங்கநாதன் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்குப் பேசின பேச்சை எந்த வால்வு தாங்கும் என்றார். கல்யாணத்திலிருந்து திரும்பியபின் புது வால்வு போட்டார்கள். பழையதைக் கடை மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிற மீன்காரர்களிடம் அதை எடுத்துக் காட்டுவார். "சும்மா பாட்டு கேக்கறதுக்கு இல்லப்பா இந்தப் பொட்டி. மனசுல உள்ளத உள்ளபடி சொன்னா அந்தாண்ட இருக்கறவங்கள இழுத்துக்கினு வந்துடும். ஆனா ஒரு வால்வு ஆவும்." கல்யாணமான பையன்கள் அந்த வால்வைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையோடு திருப்பிக் கொடுப்பார்கள்.

செங்கமலம் அதற்குப் பிறகு அவரிடம் நேராகவே பேசினாள். திட்டுவதையும் நேராகவே திட்டினாள். அவர் வால்வுக் கதை சொல்லும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள். தெருவில் மற்றப் பெண்களும் பேசமாட்டார்கள்.

அரங்கநாதன் காலமாகி வெகுநாள் கழித்து, ரோசம்மாள் சொல்லித்தான் இது தெரியவந்தது. அன்றைக்கு மணி அடித்து அவள் திருகை மாற்றியதுமே, அவர் ஹலோ என்று சொல்லும் முன்பே, உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். பெட்டி நின்றது, பல்பும் அணைந்தது. பெண்கள் முறத்தோடு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையிலிருந்து செங்கமலம் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள்.

"பல்ப்பும் துன்னல, பொட்டியும் துன்னல" என்றாளாம். "அப்ப தட்டுல இருந்த அத்தினி கரண்டயும் ஒயரு வழியா அந்த மனுசன் துன்னுட்டாரு."

கரண்ட் பிடித்தவனைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த மரத்தால் தட்டித்தான் விலக்கவேண்டும் என்று கம்பம் நட்ட அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் கைக்குக் கிடைத்த காய்ந்த மரம் உலக்கை. அன்றைக்கு அவர் பலகைமேல் நின்று பேசியதில் ஒரு வார்த்தைகூடச் செங்கமலத்தின் காதில் விழவில்லை.